கற்பிட்டிக் கோட்டையும் கண்டித் துப்பாக்கியும்

புத்தளம் களப்பின் வாயிலருகே நிற்கும் கற்பிட்டிக் கோட்டையை ஒல்லாந்தர் 1667ஆம் ஆண்டில் கட்டத் தொடங்கி 1676இல் முடித்தனர். களப்பின் வழியே கண்டி இராச்சியத்துக்குச் சென்ற வாணிகத்தைத் தம் பிடிக்குள் வைத்திருப்பதே அவர்களுடைய நோக்கம். மலைநாட்டு அரசனொருவனை அவர்கள் அத்துணை எச்சரிக்கையுடன் நோக்கியதற்கான காரணங்களுள் ஒன்று, கொல்லுலைகளில் பிறந்தது.

போர்த்துக்கேயர் வந்த காலத்தில் இலங்கையில் ஒரு துப்பாக்கிதானும் இருக்கவில்லை என்று எழுதியவர், அவர்களுடைய வரலாற்றாசிரியரான தியோகோ தொ கூத்தோ. 1616இல் மறைந்த அவரே, ஓயாத போரினால் சிங்களவர் தேர்ச்சி பெற்றுத் தம்மவருடையதினும் சிறந்த துப்பாக்கிகளைச் செய்கின்றனர் என்றும், தீவில் அவை 20,000க்கு மேல் உள்ளன என்றும் குறித்தார். எண்ணிக்கை சற்று மிகையாகலாம். பகைவன் தந்த நற்சான்றை எளிதில் தள்ளிவிட இயலாது.

துப்பாக்கியைப் பார்த்துத் துப்பாக்கி செய்வது இலேசான காரியமா? குழலின் நீளத்தை அளக்கலாம். திரியைத் தாங்கும் விசையைக் கழற்றிப் பார்க்கலாம். குழலின் அடிவாயை அடைக்கும் திருகாணியோ கண்ணுக்குப் புலப்படாதது. அது சரியாகப் பொருந்தாவிடில் வெடி சுடுபவன் முகத்திலேயே பாயும். ஜப்பானின் தனேகசிமாத் தீவில் 1543இல் வந்திறங்கிய துப்பாக்கியைப் படியெடுக்க முயன்ற கொல்லரும் இத்திருகிலேதான் தடுமாறினர். மறு ஆண்டு வந்த போர்த்துக்கேயக் கொல்லனொருவனிடமே அதன் நுட்பத்தைக் கற்றனர் என்பது அந்நாட்டு மரபுச் செய்தி.

இலங்கைக் கொல்லர் இரும்புக்குப் புதியவரல்லர். கி.பி. முதலாயிரம் ஆண்டுகளிலேயே சமனலவெவப் பகுதியில் பருவக்காற்றின் வேகத்தைக் கொண்டு உலையை எரித்து இரும்பு உருக்கிய நாடு இது. படியெடுத்ததோடு அவர்கள் நின்றுவிடவுமில்லை. துப்பாக்கியின் பின்கட்டையைச் சுருள் வடிவில் இரு கிளையாகப் பிரித்துச் செதுக்கி, தந்தமும் வெள்ளியும் இழைத்தனர். கண்டித் துப்பாக்கியை இன்றும் அவ்வடிவே காட்டிக்கொடுக்கும்.

ஆயினும் மருந்தின்றிக் குழல் வெறும் இரும்பே. அதற்கு வேண்டிய வெடியுப்பு இத்தீவின் குகைகளில் கிடைத்தது. கரிக்குக் காடு இருந்தது. கந்தகம் மட்டும் கடல்வழியே வந்தாகவேண்டிய பொருள். 1638இல் கன்னொறுவையில் போர்த்துக்கேயப் படையை அழித்த கண்டிக்கும் இத்தேவை நீங்கவில்லை. கொல்லன் கற்ற வித்தையை ஒல்லாந்தரால் பறிக்க முடியாது. துறைமுகத்தை அடைக்க முடியும். 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையால் தீவின் கரை முழுவதும் அவர்கள் வசமாயிற்று. கண்டியின் முடி வீழ்ந்ததோ 1815இல், ஆங்கிலேயர் காலத்தில்.