ஏரியான் 5: எழுதப்படாத ஒரு தேவை

ஒரு மென்பொருள் என்ன செய்ய வேண்டும், எந்தச் சூழலில் செய்ய வேண்டும், கோளாறு நேர்ந்தால் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பவற்றை எழுத்தில் வகுக்கும் ஆவணம் தேவைகள் விவரக்குறிப்பு எனப்படும். இத்தேவைகளைத் திரட்டி, ஆராய்ந்து, எழுதிச் சரிபார்க்கும் துறை தேவைப் பொறியியல் ஆகும். விவரக்குறிப்பில் விடுபட்ட ஒன்று என்ன செய்யும் என்பதற்கு ஏரியான் 5 ஏவூர்தியின் முதல் பறப்பு நன்கு ஆராயப்பட்ட சான்றாகும்.

1996 சூன் 4 அன்று காலை, பிரெஞ்சு கயானாவிலுள்ள கூரூ ஏவுதளத்திலிருந்து ஐரோப்பிய விண்வெளி முகமையின் ஏரியான் 5 கிளம்பியது. புவியின் காந்தக் கோளத்தை ஆராய உருவாக்கப்பட்ட நான்கு கிளஸ்டர் செயற்கைக்கோள்கள் அதில் இருந்தன. முதன்மை எந்திரம் மூட்டப்பட்ட 37 ஆவது நொடி வரை, அதாவது தரையை விட்டு எழுந்து ஏறத்தாழ 30 நொடிகள், எல்லாம் சீராகவே நடந்தன. பின்னர் ஏவூர்தி திடீரெனப் பாதை விலகி, சுமார் 3,700 மீட்டர் உயரத்தில் வெடித்துச் சிதறியது. அதன் துண்டுகள் ஏவுதளத்தின் கிழக்கே சுமார் 12 சதுர கிலோமீட்டர் பரப்பில் விழுந்தன.

விசாரணைக் குழுவுக்குப் பிரெஞ்சுக் கணிதவியலாளர் ழாக்-லூயி லியோன்ஸ் தலைமை தாங்கினார். சூலை 19 அன்றே அறிக்கை வந்துவிட்டது. ஏவூர்தியின் சாய்வையும் நகர்வையும் அளந்து முதன்மைக் கணினிக்குத் தெரிவிக்கும் நிலைமக் கருவியிலேயே கோளாறு தொடங்கியிருந்தது. இக்கருவியின் மென்பொருள் பெரும்பாலும் ஏரியான் 4 இலிருந்து எடுக்கப்பட்டது. அதில் கிடைத்திசை வேகத்தோடு தொடர்புடைய ஓர் அளவு, 64 பிட் எண்ணிலிருந்து 16 பிட் முழு எண்ணாக மாற்றப்படும். 16 பிட்டில் அடங்கும் மிகப்பெரிய எண் 32,767. அன்று வந்த எண் அதைவிடப் பெரியது. ஆழாக்கில் படி நெல்லைக் கொட்டியது போலாயிற்று.

இது கவனக்குறைவால் நேர்ந்தது எனக் கூற முடியாது. இத்தகைய ஏழு மாறிகளில் நான்குக்கு மட்டுமே பாதுகாப்பு இடப்பட்டிருந்தது. கருவியின் கணினிப் பணிச்சுமை 80 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற வரம்பே அதற்குக் காரணம். ஏரியான் 4 இன் பாதையில் எஞ்சிய மூன்றும் எல்லை மீறா என்று கருதப்பட்டது. அந்த ஏவூர்தியைப் பொறுத்தவரை அது சரியான முடிவே. ஆனால் ஏரியான் 5 இன் கிடைத்திசை வேகம் ஐந்து மடங்கு விரைவாகக் கூடியது.

இன்னும் வியப்பான செய்தி, அக்கணக்கீடு பறப்பின்போது தேவையே இல்லை என்பதாகும். அது தரையில் நிற்கும் கருவியைச் சீரமைக்கும் பணி. எண்ணிக்கையின் கடைசி நொடிகளில் ஏவுதல் நிறுத்தப்பட்டால், 45 நிமிடத்துக்கு மேலாகும் மறுசீரமைப்பைத் தவிர்ப்பதற்காக, அதைச் சுமார் 40 நொடிகள் கூடுதலாக ஓடவிடுவது பழைய ஏரியானின் தேவை. 1989 இல் 33 ஆவது பறப்பில் ஒருமுறை அது பயன்பட்டது. ஏரியான் 5 க்கு அத்தேவை இல்லை. எனினும், நன்றாக ஓடும் மென்பொருளைத் தொட வேண்டாம் என்று விட்டுவைத்தனர்.

பிழை நேர்ந்தால் அதை அறிவித்துவிட்டுச் செயலி நின்றுவிட வேண்டும் என்பது விவரக்குறிப்பின் கட்டளை. ஒரு கருவி பழுதானால் மாற்றுக் கருவி கைகொடுக்கும் என்பது அதன் எண்ணம். ஆனால் இரண்டிலும் ஒரே மென்பொருள். மாற்றுக் கருவி ஒரு கணம் முன்னதாகவே அதே காரணத்தால் நின்றிருந்தது. முதன்மைக் கணினியோ பழுதுச் செய்தியைப் பறப்புத் தரவு என எடுத்துக்கொண்டு, எந்திர நாசில்களை முழுமையாகத் திருப்பியது. இதனை வெறும் நிரல் பிழை என்று எழுதுவோர் உண்டு, அது பொருந்தாது. நிரல் தனக்கு எழுதித் தரப்பட்டதையே செய்தது.

எழுதித் தரப்படாதது ஏரியான் 5 இன் பறப்புப் பாதை. நிலைமக் கருவியின் விவரக்குறிப்பில் அப்பாதைத் தரவைச் சேர்க்க வேண்டாம் என்று தொடர்புடையோர் கூடியே முடிவு செய்திருந்தனர். விவரக்குறிப்பில் இல்லாததால் அது சோதனையிலும் இடம்பெறவில்லை. விபத்துக்குப் பின் உண்மையான பாதைத் தரவைக் கொண்டு தரையில் பாவனைச் சோதனை செய்தபோது, அதே கோளாறு அப்படியே திரும்ப நிகழ்ந்தது.

பாதைத் தரவை விவரக்குறிப்பிலும் சோதனைத் தேவைகளிலும் சேர்க்குமாறு குழு பரிந்துரைத்தது. நிரலுக்குள் மறைந்திருக்கும் அனுமானங்கள் அனைத்தையும் கண்டெழுதவும், முடிவுகளின் காரணங்களைக் கூறும் ஆவணங்களை நிரலுக்கு இணையான கவனத்துடன் பேணவும் அது கேட்டுக்கொண்டது. இழந்த செயற்கைக்கோள்களுக்கு ஈடான நான்கு, 2000 ஆம் ஆண்டு சூலையிலும் ஆகத்திலும் பைக்கனூரிலிருந்து இரண்டிரண்டாக ஏவப்பட்டன. அவற்றைச் சுமந்து சென்றது ரஷ்யாவின் சோயுஸ் ஏவூர்தி.