சாம்பியன் ரீப்ஸ் முதல் லெய்டன் வரை: எஞ்சியோர் துயரமும் சைகடெலிக் மருத்துவமும்

கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸ் சுரங்கம் மூவாயிரம் மீட்டருக்கும் கீழே இறங்கியது. அவ்வளவு ஆழத்தில் பாறை தன்மேல் ஏறிய பாரத்தைத் தாங்காமல் திடீரென வெடித்துச் சிதறும். வடஆர்க்காட்டிலிருந்து சென்று குடியேறிய தமிழ்த் தொழிலாளர் பலர் அவ்வெடிப்புகளில் மாண்டனர். 1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டப்படி ஒவ்வொரு விபத்துச் சாவும் அரசுக்கு அறிவிக்கப்பட வேண்டியிருந்தது, விசாரிக்கப்பட வேண்டியிருந்தது. 1988இல் பாறையின் போக்கை ஆராய்வதற்கென்றே ஒரு தேசிய நிறுவனம் தங்கவயலில் அமைந்தது. பாறை ஏன் வெடித்தது என்ற கேள்விக்கு இத்தனை ஏற்பாடுகள். வெடித்த பிறகு லயன் வீட்டில் இருந்தவர் என்ன ஆனார் என்பது இழப்பீட்டுத் தொகையோடு முடிந்துபோன கேள்வி.

வீட்டுக்குள் நேரும் ஒரு சாவு இன்னும் கடினமானது. ஒருவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டால் முதலில் வருவது காவல்துறை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174ஆம் பிரிவும், 2024 ஜூலை முதல் அதன் இடத்தில் உள்ள புதிய சட்டத்தின் 194ஆம் பிரிவும் சாவின் காரணத்தைக் கண்டறியச் சொல்கின்றன. சடலத்துக்கு அருகில் நிற்கும் தாய் அந்நேரத்தில் துயருற்றவர் அல்லர். வாக்குமூலம் தர வேண்டியவர். மொழியும் இதற்குத் துணை நிற்கிறது. ‘தற்கொலை’ என்ற சொல்லுக்குள்ளேயே கொலை இருக்கிறது. கொலை என்றால் குற்றவாளியைத் தேட வேண்டும். சங்க இலக்கியத்தின் ‘வடக்கிருத்தல்’ வேறு பொருளும் மதிப்பும் உடைய செயல். இரண்டையும் ஒன்றாக்குவது பிழை. ஆயினும் கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபின் உறையூருக்குத் தனியே திரும்பிய பொத்தியாரின் துயரைப் புறநானூறு பதிந்து வைத்திருப்பது கவனிக்கத்தக்கது. எஞ்சியவருக்கு அங்கு ஒரு குரல் இருந்தது.

நவீன உளவியலில் அக்குரலைக் கேட்டவர் எட்வின் ஷ்னைட்மன். 1958இல் லாஸ் ஏஞ்சலஸில் தற்கொலைத் தடுப்பு மையம் தொடங்கிய மூவருள் ஒருவர். சாவுக்குப் பின் உறவினர்க்குத் தரும் உதவியும் தடுப்புப் பணியே என்று வாதிட்டு, அதற்குத் தனிப் பெயரும் இட்டவர் அவர். காரணம் எளிது: இப்படி ஒருவரை இழந்தவருக்குத் தம் உயிர் பற்றிய ஆபத்தும் கூடுகிறது. இழப்பின் வருத்தத்தோடு அவரிடம் வேறு இரண்டும் சேர்ந்துகொள்கின்றன. ஒன்று, கண்ட காட்சி மீண்டும் மீண்டும் எழுவது. மற்றொன்று, ‘நான் அன்று இருந்திருந்தால்’ என்று முடிவின்றி நீளும் விசாரணை. காவல்துறையின் கோப்பு சில மாதங்களில் மூடப்படும். இந்தக் கோப்பு மூடப்படுவதில்லை.

சைகடெலிக் மருந்துகளின் வரலாறு இந்த மூடப்படாத கோப்பைத் தொடுவது இங்கேதான். ஆல்பர்ட் ஹாஃப்மன் 1943இல் எல்.எஸ்.டி.யின் விளைவைத் தம் உடலிலேயே கண்டார். 1956இல் மனநல மருத்துவர் ஹம்ஃப்ரி ஆஸ்மண்ட், ஆல்டஸ் ஹக்ஸ்லிக்கு எழுதிய கடிதத்தில் ‘சைகடெலிக்’ என்ற சொல்லை ஆக்கினார். மனத்தை வெளிப்படுத்துவது என்பது அதன் பொருள். (தமிழ் நாளிதழ்களில் சாராயம், கஞ்சா, எல்.எஸ்.டி. அனைத்துக்கும் ‘போதை’ என்ற ஒரே சொல்தான். விவாதம் தொடங்குமுன்பே முடிந்துவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.)

நெதர்லாந்தின் லெய்டனில் யான் பாஸ்டியான்ஸ், நாஜி முகாம்களிலிருந்து மீண்டவர்க்கு எல்.எஸ்.டி. துணையோடு சிகிச்சை அளித்துவந்தார். 1976இல் அவரிடம் சென்றவர் யெஹியேல் டி-நூர். கையில் பச்சை குத்தப்பட்ட 135633 என்ற எண்ணையே புனைபெயராக்கிக்கொண்ட எழுத்தாளர். குடும்பத்தை அவுஷ்விட்ஸ் காலத்தில் இழந்தவர். 1961இல் ஜெருசலேமில் ஐக்மன் வழக்கில் சாட்சி சொல்லும்போது, அவுஷ்விட்ஸ் வேறொரு கிரகம் என்று கூறி மயங்கி விழுந்தார். முப்பது ஆண்டுகளாக இரவுதோறும் கொடுங்கனவு. சில அமர்வுகளுக்குப் பின், முழுச் சிகிச்சையும் முடியுமுன்பே, அவர் விலகிவிட்டார். பின்னர் அவ்வமர்வுகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். ‘வேறொரு கிரகம்’ என்ற கூற்றை அவரே கைவிட்டார். அது மனிதர் செய்தது, தாமும் மனிதரே, காவலன் நின்ற இடத்தில் தாமும் நின்றிருக்கக்கூடும் என்பது அவர் கண்ட பயங்கரம். ‘ஏன்’ என்ற கேள்விக்கு மருந்து விடை தரவில்லை. கேட்பவர் நின்ற இடத்தை மாற்றியது. பாஸ்டியான்ஸின் முறை ஒப்பீட்டு ஆய்வால் நிறுவப்பட்டதன்று. ஒருவரின் சாட்சியத்தைச் சான்றாகக் கொள்ளலாகாது. ஆனால் அமர்வு முழுவதும் ஒருவர் அருகில் இருந்தார் என்பதை மறந்துவிட்டு மருந்தை மட்டும் பேசுவதும் பிழையே.

1971இன் ஐ.நா. உடன்படிக்கை இம்மருந்துகளைக் கடுங்கட்டுப்பாட்டில் வைத்தது. 1985இல் அமெரிக்கா எம்.டி.எம்.ஏ.யைத் தடைசெய்தது, அதே ஆண்டில் இந்தியாவின் போதைப்பொருள் சட்டம் வந்தது. மருத்துவ, அறிவியல் நோக்கங்களுக்கு அச்சட்டத்தின் 8ஆம் பிரிவே இடம் விடுகிறது. ஆராய்ச்சி மெல்லத் திரும்பியது. 2021இல் வெளியான 90 பேர் ஆய்வில், எம்.டி.எம்.ஏ.யோடு உளச்சிகிச்சை பெற்றவருள் 67 விழுக்காட்டினர்க்கும், வெற்று மருந்தோடு பெற்றவருள் 32 விழுக்காட்டினர்க்கும் அதிர்ச்சிக்குப் பிந்தைய உளநோயின் வரையறை அதன்பின் பொருந்தவில்லை. 2023 ஜூலையில் ஆஸ்திரேலியா குறிப்பிட்ட மனநல மருத்துவர்களுக்கு அனுமதி தந்தது. 2024 ஆகஸ்டில் அமெரிக்க மருந்து ஆணையம் மறுத்துவிட்டது: எது மருந்து, எது வெற்று என்பதைப் பங்கேற்றோர் எளிதில் ஊகித்தனர் என்பது குறைகளுள் ஒன்று. முந்தைய ஆய்வொன்றில் சிகிச்சையாளர் வரம்பு மீறியதும் வெளிவந்திருந்தது. சைலோசைபின் குறித்து 2022இல் வெளியான 233 பேர் ஆய்வில், எல்லா அளவுப் பிரிவுகளிலும் சிலரிடம் தற்கொலை எண்ணமோ தம்மைக் காயப்படுத்திக்கொள்வதோ பதிவாயிற்று. தற்கொலையால் ஒருவரை இழந்தவரைப் பற்றிப் பேசும்போது இத்தகவலை அடிக்குறிப்பில் தள்ள முடியாது. கொடைக்கானலில் காளான் தேடித் தாமாகவே மருந்தெடுக்க எண்ணுவோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

எம்.டி.எம்.ஏ. முறையில் எட்டு மணிநேர அமர்வுகள் மூன்று. ஒவ்வொன்றிலும் இரு சிகிச்சையாளர். இந்தியாவில் மனநல மருத்துவர் லட்சம் பேருக்கு ஒருவர்கூட இல்லை. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டபின், தங்கவயலிலிருந்து ஆயிரக்கணக்கானோர் விடியற்காலை ரயிலேறிப் பெங்களூருக்குக் கூலிவேலைக்குச் சென்று இரவில் திரும்புகின்றனர். நாட்டின் முதன்மை மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் அதே பெங்களூரில், ஏறத்தாழ நூறு கிலோமீட்டரில் இருக்கிறது. ஒருநாள் கூலியை இழக்காமல் அங்கு போக முடியாது. மேலைநாட்டு நெறிமுறையை அப்படியே இறக்குவது இவர்களுக்குப் பயன்படாது.

சான் பிரான்சிஸ்கோவில் நடந்து 2020இல் வெளியான ஒரு சிறிய ஆய்வு இங்கு அதிகம் பேசுகிறது. எய்ட்ஸ் கொள்ளைநோயில் நண்பர்களையும் துணைவர்களையும் இழந்து எஞ்சிய முதிய ஆண்கள் 18 பேர். சைலோசைபினைத் தனித்தனியாகப் பெற்றாலும், முன்னும் பின்னும் குழுவாக அமர்ந்து பேசினர். மனச்சோர்வு குறைந்தது. ஒப்பீட்டுப் பிரிவு இல்லாத ஆய்வு, ஆகவே மருந்தின் பங்கு எவ்வளவு, குழுவின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிய இயலாது.

குழுவின் பங்கை அறிய மருந்துக்கான அனுமதிவரை காத்திருக்க வேண்டியதில்லை. சென்னையில் 1986 முதல் சிநேகா அமைப்பு மருந்தின்றியே செவிமடுக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் 115ஆம் பிரிவில், உயிரை மாய்க்க முயன்றவரைக் கடும் மனஅழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது; அவரைப் பேணும் கடமையை அரசுக்கு விதிக்கிறது. இறந்தவரின் வீட்டாரைப் பற்றி அப்பிரிவில் ஒரு சொல்லும் இல்லை. 2022 முதல் 14416 என்ற எண்ணில் தமிழிலும் கன்னடத்திலும் பேசலாம். அமிர்தசரஸில் வித்யாசாகர் 1950களில் நோயாளிகளோடு உறவினரையும் கூடாரங்களில் தங்கவைத்தார், வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையமும் உறவினர் உடன் தங்குவதையே தன் முறையாகக் கொண்டது. அந்த வேலூர், சாம்பியன் ரீப்ஸ் தொழிலாளரின் பாட்டன்மார் புறப்பட்ட அதே வடஆர்க்காட்டில்தான் இருக்கிறது.