அளவுகோலை அளந்த தீர்ப்பு

வேலைக்கு ஆட்களைத் தெரிவதும் பதவி உயர்த்துவதும் முதலாளியின் தனியுரிமை என்பது நெடுங்காலம் நிலவிய கருத்தாகும். ஐக்கிய அமெரிக்காவில் இக்கருத்தை அசைத்தது முதலாளிகளின் மனமாற்றமன்று; உழைப்போரின் போராட்டமேயாகும்.

1941ஆம் ஆண்டில், புகையிரதத் துயிற்பெட்டிகளிற் பணிபுரிந்த கறுப்பினத் தொழிலாளரின் சங்கத் தலைவர் ஏ. பிலிப் ரண்டோல்ப், வாஷிங்டனை நோக்கிப் பெரும் ஊர்வலம் புறப்படும் என அறிவித்தார். அதன் பின்னரே ஜனாதிபதி ரூஸ்வெல்ட், பாதுகாப்புத் தொழில்களில் இனப்பாகுபாட்டைத் தடைசெய்து ஆணை பிறப்பித்தார். 1961இல் கென்னடியின் ஆணை மேலும் ஓரடி சென்றது. அரசாங்க ஒப்பந்தகாரர் பாகுபாடு காட்டாதிருத்தல் மட்டும் போதாது. இனமும் நிறமும் மதமும் பாராது ஆட்கள் எடுக்கப்படுவதையும் நடத்தப்படுவதையும் உறுதிசெய்யத் தாமே முன்வந்து ஆவன செய்தல் வேண்டும் என்றது. ஆக்கபூர்வ நடவடிக்கை எனும் கோட்பாடு தொழில் வழங்கலில் இவ்வாறே வேரூன்றிற்று. 1964இன் குடியியல் உரிமைச் சட்டமும், 1965இல் ஜோன்சன் பிறப்பித்த 11246ஆம் இலக்க ஆணையும் தொடர்ந்து வந்தன.

ஆயினும், சட்டம் வந்தவுடன் சமத்துவம் வந்துவிடவில்லை. வட கரோலினாவில் டியூக் மின்சாரக் கம்பனியின் நிலையமொன்றில் 95 தொழிலாளர் இருந்தனர். அவருள் 14 பேர் கறுப்பினத்தவர். ஐந்து பகுதிகளுள் கூலிப்பகுதி ஒன்றே அவர்களுக்குத் திறந்திருந்தது. அப்பகுதியின் மிக உயர்ந்த சம்பளம், ஏனைய பகுதிகளின் மிகக் குறைந்த சம்பளத்தினும் தாழ்ந்தது. 1965 யூலை 2ஆம் நாள் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதே நாளில், ஏனைய பகுதிகளுக்குப் புதிதாக வருவோர் உயர்தரப் பாடசாலைச் சான்றிதழோடு இரண்டு பரீட்சைகளிலும் தேற வேண்டும் என்று கம்பனி விதித்தது. கூலிப்பகுதியிலிருந்து மாற விரும்பியோரிடமும் அச்சான்றிதழ் கேட்கப்பட்டது.

விதி எல்லோர்க்கும் பொதுவானதுதானே என்று கேட்கலாம். ஆனால் 1960ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, அம்மாநிலத்து வெள்ளை ஆடவருள் நூற்றுக்கு 34 பேரும் கறுப்பின ஆடவருள் 12 பேருமே உயர்தரப் பாடசாலைக் கல்வியை முடித்திருந்தனர். கறுப்பினச் சிறுவரைத் தாழ்ந்த தனிப் பாடசாலைகளில் ஒதுக்கிவைத்த சமூகம், பின்னர் அவர்களிடமே சான்றிதழைக் கேட்டது. அச்சான்றிதழ் இல்லாத பழைய வெள்ளைத் தொழிலாளரோ அதே வேலைகளைக் குறைவின்றிச் செய்துவந்தனர்.

வில்லி கிரிக்ஸ் முதலான 13 தொழிலாளர் வழக்குத் தொடுத்தனர். 1971 மார்ச் 8ஆம் நாள் உயர் நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. நல்லெண்ணம் இருந்ததாகக் கூறுவது போதாது; வடிவத்தில் நேர்மையாகத் தோன்றினும் விளைவில் ஓரினத்தை ஒதுக்கும் விதி, வேலைக்குத் தேவையானதென நிறுவப்படாவிடின் செல்லாது என்றது. தகுதியற்றோரை எடுக்கும்படி அது சொல்லவில்லை. தகுதி என்று எதனைக் கொள்கிறீர், அது அவ்வேலையோடு எங்ஙனம் தொடர்புடையது என்றே வினவியது.

மனிதவள முகாமைத்துவத்தின் போக்கை மாற்றிய வினா இதுவே. ஒவ்வொரு தொழிலுக்கும் வேண்டிய ஆற்றல்களை ஆராய்ந்து வகுத்தலும், பரீட்சைகளின் பொருத்தத்தை நிறுவுதலும் நிருவாகத்தின் கடமையாயின. 1978இல் வெளிவந்த அரசாங்க நெறிமுறைகள், ஒரு பிரிவினரின் தேர்வு வீதம் மிக உயர்ந்த வீதத்தில் ஐந்தில் நான்கு பங்கினும் குறையுமாயின் அதனைப் பொதுவாகப் பாதகத்துக்கு அறிகுறியாகக் கொண்டன. நூற்றுவரில் 60 பேர் ஒரு பிரிவிலும் 30 பேர் மற்றதிலும் தெரியப்பட்டால், நிறுவனம் விளக்கங்கூற வேண்டிவரும்.

2025 ஜனவரியில் ஜனாதிபதி டிரம்ப், 11246ஆம் இலக்க ஆணையை நீக்கினார். ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் நின்ற ஆணை ஒரு கையொப்பத்தால் அழிந்தது. குடியியல் உரிமைச் சட்டமோ நிற்கின்றது. ஆயினும் அதற்கு உயிரளித்தோர், நிலக்கரிப் புழுதியிடையே நின்று நீதி கேட்ட அப்பதின்மூவர் போன்றோரே. பரீட்சைப் புள்ளிகளையே தகுதியின் முடிந்த முடிபாகக் கொள்ளும் நாமும் அவர்களது கேள்வியைக் கேட்கப் பழகுதல் வேண்டும்.