சுரசை கெட்டவளா?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாடும் நண்பர்களுக்குத் தியாமத்தைத் தெரிந்திருக்கும். ஐந்து தலை டிராகன், தீமையின் தெய்வம்! ஆனால் பெயர் கற்பனை அல்ல. பாபிலோனியர்களின் எனுமா எலிஷ் என்ற படைப்புக் கதையில் தியாமத் என்பவள் கடல்; தேவர்களுக்கே தாய். மர்துக் என்ற தேவன் அவளைக் கொன்று, உடலை இரண்டாகப் பிளந்து உலகைச் செய்தான். நினிவேயில் கிடைத்த களிமண் பலகைகளிலிருந்து இக்கதையை ஜார்ஜ் ஸ்மித் 1876-ல் நூலாக வெளியிட்டார்.

நம் பக்கமும் அப்படி ஒருத்தி இருக்கிறாள். அனுமன் தாண்டியது எங்கள் ராமேஸ்வரம் கடலைத்தான் என்பார்கள். வால்மீகியின் சுந்தர காண்டத்தில் அந்தக் கடல் நடுவே வாயைப் பிளந்து வழிமறிக்கிறாள் சுரசை. அவள் நாகங்களின் தாய். தேவர்கள் கேட்டுக்கொண்டதால் அனுமனைச் சோதிக்க ராட்சசி வடிவில் வந்தவள். "என் வாய்க்குள் போகாமல் யாரும் தாண்ட முடியாது" என்கிறாள். அனுமன் வளர வளர வாயும் விரிகிறது. சட்டென்று கட்டைவிரல் அளவாகி, உள்ளே போய் வெளியே வந்துவிடுகிறான். அவள் சொல்லும் பொய்க்கவில்லை, அவன் பயணமும் நிற்கவில்லை. வாழ்த்தி அனுப்புகிறாள்.

அடுத்து வரும் சிம்ஹிகை நிழலைப் பிடித்து இழுத்துத் தின்பவள். அவளை மட்டும்தான் அனுமன் கொல்கிறான். ஆக, வாயைப் பிளந்தவர்கள் எல்லாரும் ஒன்றல்ல.

1964 டிசம்பர் புயலில் இதே கடல் தனுஷ்கோடியை விழுங்கியது. அதன் பிறகும் எங்கள் மீனவர்கள் அதைக் கடல் தாய் என்றுதான் சொல்கிறார்கள். சுரசையைப் புரிந்தவர்கள் அவர்கள்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?