எழும்பூர் மணலும் ஸ்காட்லாந்து வாத்தியாரும்

வெளிநாட்டுக்கு இங்கிலீஷ் வாத்தியாராகப் போவது என்றதும் நமக்கு நம்மவர்கள் எத்தியோப்பியாவுக்கும் மாலத்தீவுக்கும் போன கதைகள்தான் ஞாபகம் வரும். எதிர்த்திசையில் இங்கே வந்து சேர்ந்த ஒருத்தர் கதையைக் கொஞ்ச நாளாகத் தோண்டிக்கொண்டிருக்கிறேன். பெயர் ஆண்ட்ரூ பெல். 1753-இல் ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்ற ஊரில் பிறந்தவர். அப்பா முடிதிருத்துபவர்.

சென்னை அவருக்கு முதல் வெளிநாடு இல்லை. 1774-இல் அமெரிக்காவில் வர்ஜீனியாவுக்குப் போய், பெரிய தோட்ட முதலாளி ஒருவர் வீட்டுப் பையன்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். அங்கே சுதந்திரப் போர் வந்ததும் பிழைப்பு ஆட்டம் கண்டுவிட்டது. 1781-இல் கிளம்பினால், வழியில் கப்பலும் உடைந்தது. எப்படியோ ஊர் வந்து சேர்ந்து, பாதிரியாராகி, 1787 ஜூனில் சென்னைக் கரையில் இறங்கினார். கையில் நூற்றுச் சொச்சம் பவுண்டு. உண்மையில் அவர் போக நினைத்தது கல்கத்தாவுக்கு, அறிவியல் சொற்பொழிவு நடத்திக் காசு பார்க்கலாம் என்று. ஆனால் இங்கேயே ராணுவப் படைப்பிரிவுகளுக்குப் பாதிரியார் வேலை கிடைத்தது. ஒன்றல்ல, ஒரே சமயத்தில் பல பிரிவுகளுக்கு! ஆள் கெட்டிக்காரர்.

1789-இல் எழும்பூர்க் கோட்டையில் ஆண் பிள்ளைகளுக்கான ராணுவ அநாதை விடுதி திறந்தது. இப்போது எழும்பூர் ரயில் நிலையம் இருக்கிற பகுதி. அதற்குக் கண்காணிப்பாளர் பெல். இந்த வேலைக்குச் சம்பளம் வேண்டாம் என்றுவிட்டார். பாதிரியார் வருமானமே போதும். பிள்ளைகள் ஐரோப்பியச் சிப்பாய்களின் மகன்கள், பெரும்பாலும் தாய் இந்தியப் பெண். நம்ம பக்கம் பூந்தமல்லியில் இன்னமும் ஒரு பகுதிக்குக் கன்டோன்மென்ட் என்றே பேர் இருக்கு. அப்படிப் பட்டாளம் தங்கிய இடங்களில் எல்லாம் பிறந்த பிள்ளைகள் இவர்கள். தகப்பன் செத்துப்போவான், அல்லது படையோடு போய்விடுவான்.

விடுதியில் இருந்த உதவி ஆசிரியர்களை வைத்துக்கொண்டு பெல் படாதபாடு பட்டார். இங்கிலீஷ் எழுத்துக்களைச் சொல்லித் தருவதே மாதக்கணக்கில் இழுத்தது. இந்த நேரத்தில்தான் அந்தக் காலைக் குதிரைச் சவாரி. வழியில் ஒரு திண்ணைப் பள்ளிக்கூடம். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலைப் பரப்பி, விரலால் எழுத்து எழுதிக்கொண்டிருக்கிறார்கள். நமக்கு இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. பெல்லுக்கோ புதையல் கிடைத்த மாதிரி. மணலுக்குச் செலவே இல்லை. தப்பா எழுதினால் தடவிவிட்டால் போச்சு. விரல் போகிற வழியிலேயே எழுத்தின் வடிவம் மனசில் பதியும்.

விடுதிக்குத் திரும்பி, கடைசி வகுப்பை மணலில் எழுதப் பழக்குங்கள் என்றார். உதவி ஆசிரியர்கள் மசியவில்லை. ஆகாத காரியம் என்றார்கள். பெல் அவர்களோடு மல்லுக்கட்டாமல், மேல் வகுப்பில் இருந்த ஜான் ஃப்ரிஸ்கன் என்ற எட்டு வயசுப் பையனைக் கூப்பிட்டார். ஒரு சாதாரணச் சிப்பாயின் மகன். பெரியவர்கள் முடியாது என்றதை அந்தப் பையன் செய்து காட்டிவிட்டான். பிறகு கீழ் வகுப்புகள் ஒவ்வொன்றாக அவனிடமும் அவனைப் போன்ற பையன்களிடமும் வந்தன. சில வருஷத்தில் தொண்ணூறு சொச்சம் பிள்ளைகள் ஃப்ரிஸ்கன் மேற்பார்வையில்.

இதைப் படிக்கிற தமிழ் வாசகர் இந்நேரம் 'அட, இது நம்ம சட்டாம்பிள்ளை ஆச்சே' என்று சொல்லியிருப்பார். உ.வே.சா. தன் சுயசரிதையில் எழுதியிருக்கும் அதே சட்டாம்பிள்ளைதான். ஆனால் பெல், மணல் மட்டும்தான் உள்ளூர்ப் பள்ளியில் கண்டது, பிள்ளையைக் கொண்டு பிள்ளைக்குச் சொல்லித்தரும் முறை என் சொந்தக் கண்டுபிடிப்பு என்றே கடைசிவரை நின்றார். எனக்கு அதில் சம்மதம் இல்லை. பெல்லுக்கு 160 வருஷம் முன்னால், 1623-இல், பியெத்ரோ தெல்லா வல்லே என்ற இத்தாலியப் பயணி கர்நாடகத்து இக்கேரிப் பக்கம் ஒரு கோயில் தாழ்வாரத்தில் சிறுவர்களைப் பார்த்திருக்கிறார். வாத்தியாரே இல்லை. ராகம் போட்டுச் சொல்லிக்கொண்டே மணலில் எழுதி, ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார்களாம். 1814-இல் கிழக்கிந்தியக் கம்பெனி இயக்குநர்களே, இந்தியப் பள்ளிகளில் வழங்கிய முறைதான் பெல் வழியாக இங்கிலாந்துக்கு வந்தது என்று கடிதத்தில் எழுதிவிட்டார்கள். தரம்பால் இந்தக் கடிதத்தை எடுத்துப்போட்டுத்தான் பழைய இந்தியக் கல்வி பற்றிய விவாதத்தைக் கிளப்பினார்.

அதற்காகப் பெல்லைத் திருடன் என்றும் சொல்லமாட்டேன். சட்டாம்பிள்ளையை வைத்து நூற்றுக்கணக்கானவர்கள் படிக்கும் பள்ளியை வகுப்பு வகுப்பாகப் பிரித்து, பதிவேடு போட்டு நடத்தியது அவர் வேலைதான். திண்ணையில் அந்த அளவு கூட்டம் கிடையாது.

1796-இல் உடம்பு சரியில்லை என்று கிளம்பியபோது அவர் சேர்த்திருந்தது 25,000 பவுண்டுக்கும் மேல். அடுத்த வருஷம் லண்டனில் சின்னப் புத்தகமாகத் தன் பரிசோதனையை வெளியிட்டார். ஆலைகளும் நகரங்களும் பெருகிக்கொண்டிருந்த இங்கிலாந்தில், ஏழைப் பிள்ளைகளைக் குறைந்த காசில் படிக்கவைக்க ஒரு வழி தேவைப்பட்டது. 'மெட்ராஸ் சிஸ்டம்' என்று பேரே ஆகிவிட்டது. இதே போன்ற முறையை நடத்திய ஜோசப் லங்காஸ்டரோடு யார் முந்தி என்று பெரிய சண்டை. இரண்டு பேருமே தென்னிந்தியத் திண்ணையைப் பற்றி அதிகம் பேசவில்லை. 1832-இல் பெல் இறந்தபோது வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம் செய்தார்கள். அவர் பணத்தில் செயின்ட் ஆண்ட்ரூஸில் எழுந்த பள்ளியின் பெயர் மெட்ராஸ் காலேஜ். இன்றும் நடக்கிறது.

எழும்பூர்ப் பையன்கள் என்ன ஆனார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வில்லியம் ஸ்மித் என்ற மாணவன் 1794-இல் திப்பு சுல்தானிடம் அனுப்பப்பட்ட குழுவோடு போய், சுல்தான் முன்னால் அறிவியல் கருவிகளை இயக்கிக் காட்டினான். அதே வருஷம் மைக்கேல் டாப்பிங் சென்னையில் நில அளவைப் பள்ளி தொடங்க எட்டுப் பையன்களை எடுத்தார், விடுதிப் பிள்ளைகள்தான். கிண்டி பொறியியல் கல்லூரியின் வேர் அது.

ஆனால் விடுதியின் நோக்கமே பிள்ளைகளைத் தாயிடமிருந்து பிரித்து வளர்ப்பது. தாய்மாரின் சகவாசம் கெடுதல் என்பதில் பெல்லுக்குச் சந்தேகமே இல்லை. மணலை அந்தப் பெண்களின் ஊரிலிருந்து எடுத்துக்கொண்டவர், அவர்கள் பேச்சைப் பிள்ளைகளின் வாயிலிருந்து எடுக்கப் பார்த்தார். சரி, அப்படியாவது இங்கிலீஷ் படித்தவனுக்குக் கதவு திறந்ததா? 1791-லேயே, இந்தியத் தாய்க்கோ தகப்பனுக்கோ பிறந்தவனுக்குக் கம்பெனியின் சிவில், ராணுவ, கப்பற்படைப் பதவிகள் கிடையாது என்று உத்தரவு வந்துவிட்டது. ஃப்ரிஸ்கன் மணலில் எழுத்துச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த அதே காலம். டாப்பிங்கின் பையன்கள் சங்கிலியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அளக்கப் போனார்கள். அதற்குத் தடை இல்லை.