பதிப்பு 3.4 விட்டுவைத்த இடம்

இந்தியாவில் ஒரு வங்கி அனுப்பும் ஓடிபியோடு கண்ணுக்குத் தெரியாத சில எண்களும் சேர்ந்து போகின்றன. ஒன்று அனுப்பும் நிறுவனத்தின் பதிவு எண், இன்னொன்று அந்த வாசகத்தின் டெம்ப்ளேட் எண். மைசூரு ஹெப்பாள் தொழிற்பேட்டையில் எஸ்எம்எஸ் கேட்வே வேலையில் இருப்பதால், இவற்றைப் பார்க்காமல் எனக்கு ஒரு நாளும் போவதில்லை. அவை உட்கார்ந்திருக்கும் இடம் 1999-இலேயே ஒதுக்கப்பட்டது. அன்று இந்தியாவில் கைபேசி வந்து நான்கே ஆண்டு.

இன்ஃபோசிஸ் வளாகம் வந்த பிறகு ஹெப்பாளில் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்குக் குறைவில்லை. சத்தியமங்கலம், திம்பம் வழியாக ஈரோட்டிலிருந்தும் கோபியிலிருந்தும் பஸ் ஏறி வருகிறவர்கள் நிறைய. எங்கள் அணியில் சேரும் தமிழ்ப் பிள்ளைகள் தவறாமல் கேட்பது: “அக்கா, இவ்வளவு பழைய புரோட்டோகாலை இன்னும் ஏன் வச்சிருக்கோம்?” அவர்களுக்குச் சொல்லும் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

உலகின் முதல் எஸ்எம்எஸ் 1992 டிசம்பர் 3 அன்று இங்கிலாந்தில் போனது. அடுத்த சில ஆண்டுகளில் குறுஞ்செய்தி மையங்களைச் செய்த ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு மொழி வைத்துக்கொண்டது. நோக்கியாவுக்கு சிஐஎம்டி, சிஎம்ஜிக்கு யுசிபி, செமாவுக்கு ஓஐஎஸ். நாங்கள் இன்றும் பயன்படுத்தும் எஸ்எம்பிபி அயர்லாந்தின் ஆல்டிஸ்கான் உருவாக்கியது. 1997-இல் ஆல்டிஸ்கானை லாஜிகா வாங்கியது. 1999 அக்டோபரில் எஸ்எம்பிபியின் 3.4 பதிப்புக்கான ஆவணம் வெளிவந்தது.

அதற்கு முந்தைய 3.3-இல் எல்லாப் புலங்களும் வரிசை மாறாமல் நிற்க வேண்டும். நடுவில் புதிதாக ஒன்றைச் செருகினால் பழைய மென்பொருள் அதற்கடுத்த பைட்டுகளை எல்லாம் தப்பாக வாசிக்கும். 3.4 அந்த வரிசையைத் தொடவில்லை. கட்டாயப் புலங்கள் முடிந்த பிறகு, வேண்டியவர் வேண்டியதைச் சேர்க்கலாம் என்றது. சேர்ப்பதன் அடையாள எண், நீளம், மதிப்பு மூன்றும் இருந்தால் போதும். நாங்கள் டிஎல்வி என்பது இதைத்தான்.

அதோடு சில விதிகள். இணைப்புத் தொடங்கும்போதே செய்தி அனுப்பும் மென்பொருள் தன் பதிப்பைச் சொல்லிவிட வேண்டும். அது 3.3 அல்லது அதற்கும் பழையது என்றால், மையம் அதற்குப் புதிய புலம் எதையும் அனுப்பக் கூடாது. தெரியாத அடையாள எண் வந்தால், அதை மட்டும் விட்டுவிட்டு அடுத்ததைப் படிக்க வேண்டும். ஹெக்ஸ் 1400-இல் தொடங்கும் ஒரு வரிசையை எதற்கும் பயன்படுத்தாமல், மையங்களைச் செய்கிறவர்கள் பின்னால் தங்கள் தேவைக்கு எடுத்துக்கொள்ள விட்டுவைத்தார்கள். நம் ஊரில் கீழ்த்தளம் மட்டும் கட்டுகிறவர் மேலே கம்பியை நீட்டிவிட்டுப் போவாரே, அப்படி. 2003-இல் 5.0 பதிப்பும் வந்தது. ஆனாலும் பெரும்பாலோர் 3.4-ஐ விட்டு நகரவில்லை. நகரவேண்டிய தேவையே அவர்களுக்கு வரவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

நீட்டிவிட்ட அந்தக் கம்பியில் மாடி எழுப்பியவர்கள் நாம். தொல்லை விளம்பரங்களை அடக்க, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் 2010-இல் விதிமுறை கொண்டுவந்தது. அது போதாமல் 2018 ஜூலையில் இன்னொன்று. வணிகச் செய்தி அனுப்பும் ஒவ்வொரு நிறுவனமும் தன்னையும் தன் அனுப்புநர் தலைப்பையும் வாசகங்களையும் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் பிளாக்செயின் பதிவேட்டில் பதிய வேண்டும். இதற்காகப் புதிய புரோட்டோகால் எழுத வேண்டியிருக்கவில்லை. நிறுவன எண் 1400-இல் போய் உட்கார்ந்தது, டெம்ப்ளேட் எண் 1401-இல்.

2021 மார்ச் 8 அன்று, போகும் செய்தியைப் பதிவேட்டில் உள்ளதோடு ஒப்பிடுவது கட்டாயமானது. விதிகளைக் கறாராக அமல்படுத்த டெல்லி உயர் நீதிமன்றம் அதற்கு முந்தைய மாதம் சொல்லியிருந்தது. அன்று நாடெங்கும் ஓடிபிகள் காணாமல் போயின. வங்கிப் பரிமாற்றம், ஆதார் சரிபார்ப்பு, தடுப்பூசிக்கான கோவின் பதிவு எல்லாம் தடுமாறின. அப்போது நான் ஹெப்பாள் இரண்டாம் ஸ்டேஜில் வாடகை வீட்டிலிருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். திரை முழுக்க நிராகரிப்புக் குறியீடுகள். மறுநாள் ட்ராய் அந்த ஒப்பீட்டை ஏழு நாள் நிறுத்திவைத்தது.

பழைய புரோட்டோகால்தான் காலை வாரிவிட்டது என்று அந்த வாரம் பலர் பேசியது எனக்குப் பொறுக்கவில்லை. 3.4 தன் வேலையைச் சரியாகவே செய்தது. எண் இருந்தால் சுமந்து போனது, இல்லாத செய்தியையும் மறுக்காமல் கொண்டுசேர்த்தது. அதற்கு மேலே வைத்த ஒப்பீடுதான், பதிவேட்டில் உள்ள வாசகத்தோடு பொருந்தாததை எல்லாம் வீசியது. மோசடியைத் தடுக்க அந்தக் கறார் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பழையதும் புதியதும் சேர்ந்து ஓடும் காலத்தை உண்மையாகப் பயன்படுத்தாமல் ஒரே நாளில் கதவைச் சாத்தினால் நடப்பது அதுதான். பதியாமல் கடைசி நாள்வரை இழுத்தடித்த நிறுவனங்களுக்கும் அதில் பங்குண்டு.

அன்றாட வேலையிலும் இதே சிக்கல்தான். வாசகத்தில் ஒரு சொல் மாறினால் அது புதிய டெம்ப்ளேட். அதற்கு ஒப்புதலும் வேண்டும், புதிய எண்ணும் வேண்டும். வாசகத்தை மாற்றிவிட்டுப் பழைய எண்ணோடு அனுப்பினால் செய்தி போகாது. அதனால் புதிய எண் உயிர் பெறும்வரை பழைய வாசகத்தை யாரும் தொடக் கூடாது.

தமிழில் இன்னொரு கவனமும் தேவை. யுனிகோடில் ‘கொ’வை ககரத்தோடு ஒரே உயிர்க்குறி சேர்த்தும் எழுதலாம், கொம்பு தனி, கால் தனி என்றும் எழுதலாம். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, ஆனால் குறியீடு குறியீடாக ஒப்பிட்டால் இரண்டும் வேறு. பதிவதற்கு முன்னும் அனுப்புவதற்கு முன்னும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். தமிழ்ச் செய்தி ஒன்றில் 160 அல்ல, 70 குறிகள்தான் அடங்கும் என்பதால், பிரித்து எழுதினால் இடமும் வீண்.

2024-இல் ட்ராய் மூன்றாவது எண்ணையும் கேட்டது: செய்தி எந்தெந்த இடைநிலை நிறுவனங்களின் கை மாறி வந்தது என்ற சங்கிலி. அதற்கு இடம் 1402. நவம்பர் 1 என்ற கெடு டிசம்பர் 1 ஆனது, பிறகு 11 ஆனது. தாமதம் என்று குறை சொன்னவர்கள் உண்டு. எனக்கோ ட்ராய் செய்த நல்ல காரியங்களில் அதுவும் ஒன்று. அந்த நாற்பது நாளில் சங்கிலி உள்ள செய்திகளும் இல்லாதவையும் ஒரே இணைப்பில் போய்க்கொண்டிருந்தன. விட்டுப்போனவற்றைத் தேடிப்பிடித்துப் பதிய நேரம் கிடைத்தது. டிசம்பர் 11 வந்தபோது 2021-ஐப் போல நாடு ஸ்தம்பிக்கவில்லை.