பத்து விநாடிச் சுகமும் முப்பது ஆண்டுக் கணக்கும்

பாயில் விதியை வகுப்பில் நடத்தும்போது முத்துக்குளிகாரரை உதாரணமாகக் கூறுவது என் வழக்கம். தூத்துக்குடிக் கடலில், மூச்சுக் கருவி எதுவும் இன்றி, கல் கட்டிய கயிற்றின் துணையோடு ஐந்து முதல் பத்துப் பாகம் ஆழத்திற்கு இறங்கியவர்கள் அவர்கள். ஒரு பாகம் என்பது ஏறத்தாழ 1.8 மீட்டர். பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரு மடங்காகிறது. மார்பில் அடைத்துச் சென்ற ஆறு லிட்டர் காற்று மூன்று லிட்டராகச் சுருங்குகிறது. காற்றின் பருமன் குறைந்தாலும் அதிலுள்ள பிராணவாயுவின் அளவு குறைவதில்லை. அந்த ஒரு மூச்சை முதலாக வைத்துக்கொண்டுதான் சுமார் ஒரு நிமிடம் சிப்பிகளைப் பொறுக்கிவிட்டு மேலே வரவேண்டும். 1961-ஆம் ஆண்டோடு இங்கே முத்துக்குளிப்பு நின்றுவிட்டது. எனினும் வகுப்பில் அந்த உதாரணம் இன்றும் பயன்படுகிறது.

ஒருநாள் மாணவர் ஒருவர் எழுந்து, "சார், பீடி குடித்துவிட்டு இறங்கினால் என்ன ஆகும்?" என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. அவர் விடவில்லை. "கெடுதல் என்று எல்லாருக்கும் தெரிகிறது. பிறகும் ஏன் குடிக்கிறார்கள்? அதில் ஏதோ நன்மை இருக்கத்தானே வேண்டும்?" என்றார்.

நல்ல கேள்வி. நன்மையையும் தீமையையும் ஒரே தராசில் வைத்துப் பார்க்க மனிதகுலம் ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் முயன்றிருக்கிறது. அந்த வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம்.

புதிய இலையும் பழைய கதையும்

புகையிலை அமெரிக்காவின் செடி. 1492-ஆம் ஆண்டு கொலம்பஸ் அங்கே சென்றடையும்வரை உலகின் மற்றப் பகுதிகள் அதை அறியா. பதினாறாம் நூற்றாண்டில் நம் முத்துக்கரையைத் தம் ஆதிக்கத்தில் வைத்திருந்த போர்த்துகீசியரே இந்தியாவுக்குப் புகையிலையையும் கொண்டுவந்தனர். வடக்கே 'தம்பாக்கு' என்ற அயல் பெயரே நிலைத்தது. நம் முன்னோரோ 'புகை', 'இலை' என்ற இரு சொற்களைச் சேர்த்துப் புதுப்பெயர் சூட்டினர். அதுமட்டுமா? நம் 'சுருட்டு' என்ற சொல் கப்பலேறிச் சென்று ஆங்கிலத்தில் 'செரூட்' ஆயிற்று.

வந்தேறிய இலைக்கு விரைவிலேயே புராணமும் கிடைத்தது. இராமநாதபுரம் சீமையைச் சேர்ந்த சீனிச்சர்க்கரைப் புலவர், பழனி முருகனிடம் புகையிலையையே தூது அனுப்புவதாக 'புகையிலை விடு தூது' என்றொரு நூல் பாடினார். உ.வே. சாமிநாதையர் அதைப் பதிப்பித்தார். சிவனின் வில்வமும் திருமாலின் துளசியும் வெள்ளத்தில் போய்விட, பிரமனின் இலை மட்டும் போகவில்லையாம். 'போகையிலை'யே புகையிலை ஆயிற்றாம். வேடிக்கைதான். ஆயினும் மக்கள் இந்த இலைமீது எவ்வளவு ஆசை வைத்திருந்தனர் என்பதற்கு இது சான்று.

தீமையை ஐயுற்றவர்களும் அன்றே இருந்தனர். 1604-ஆம் ஆண்டு இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸ் புகையிலையைக் கண்டித்து நூல் எழுதினார். ஏறத்தாழ அதே காலத்தில் பிஜப்பூரிலிருந்து திரும்பிய அசத் பேக், அக்பரின் முன் புகையிலையை வைத்தார். நம் நூல்களில் சொல்லப்படாத பொருளை எப்படி நம்புவது என்றார் அரண்மனை மருத்துவர். ஐரோப்பாவிலும் அறிஞர்கள் உண்டு, ஆராயாமலா பழகியிருப்பார்கள் என்றார் அசத் பேக். 1617-இல் ஜஹாங்கீர் புகைப்பதைத் தடை செய்தார், பழக்கம் நிற்கவில்லை. இரு தரப்பாரும் வாதாடினார்களே தவிர, எவரும் அளந்து பார்க்கவில்லை. அளக்கும் முறையே அன்று இல்லை.

இன்பம் எங்கே இருக்கிறது?

1828-ஆம் ஆண்டு ஜெர்மனியில் பாசெல்ட், ரைமன் என்ற இருவர் புகையிலையிலிருந்து நிகோடினைப் பிரித்தெடுத்தனர். புகைப்பவரின் சுகத்திற்குக் காரணம் இதுவே. புகையை இழுத்த பத்து, இருபது விநாடிகளுக்குள் நிகோடின் நுரையீரல் வழியே மூளையை எட்டிவிடுகிறது. அங்கே டோபமின் என்னும் பொருளைச் சுரக்கச் செய்கிறது. கவனம் கூர்மையாவது போலவும் மனம் இலேசாவது போலவும் தோன்றுகிறது. இரவு முழுதும் துறைமுகத்தில் சுமை இறக்குபவருக்கு அந்த உணர்வு பொய்யன்று. தேநீர்க் கடை வாசலில் கூடும் தோழமையும் பொய்யன்று. ரஜினிகாந்த் சிகரெட்டைத் தூக்கிப்போட்டு உதட்டில் பிடித்த பாணியைக் கண்டு, அப்படிச் செய்துபார்க்க ஆசைப்படாத இளைஞர்கள் எத்தனை பேர்!

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரண்டு மணி நேரத்தில் இரத்தத்திலுள்ள நிகோடின் பாதியாகக் குறைகிறது. பழகிய மூளை அதைக் கேட்டுத் தவிக்கிறது, எரிச்சல், பதற்றம். அடுத்த சிகரெட் அந்தத் தவிப்பைத் தணிக்கிறது. இறுக்கமான செருப்பைக் கழற்றும்போது கால் அடையும் சுகம் போன்றது இது. செருப்பை மாட்டியதும் அதே சிகரெட்தான்.

வாயில் தெரிந்த வினை

தீமையைப் பற்றிய தொடக்ககாலச் சான்றுகளில் சில நம் தென்கோடியிலிருந்தும் கிடைத்தன. நாகர்கோவிலுக்கு அருகிலுள்ள நெய்யூர், அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்தது. அங்கிருந்த மிஷன் மருத்துவமனையின் டாக்டர் பென்டால், தாம் கண்ட 1,700 புற்றுநோயாளிகளைப் பற்றி 1908-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். அதே ஊரின் டாக்டர் ஆர், வெற்றிலை மெல்லுவோரின் வாய்ப்புற்று பற்றி 1933-இல் 'லான்செட்' இதழில் எழுதினார். வாய்ப்புற்று மருத்துவரின் கண்ணுக்கு நேராகத் தெரியும். புகையிலையை எந்தக் கன்னத்தில் அடக்குகிறீர்கள் என்று நோயாளியைக் கேட்டுவிடலாம்.

நுரையீரல் அப்படியன்று. அது மார்புக்கூட்டுக்குள் மறைந்திருக்கிறது. மேலும், புகைக்கத் தொடங்கி இருபது, முப்பது ஆண்டுகள் கழித்தே அதில் புற்று தோன்றுகிறது. இருபது வயதில் செய்ததற்கும் ஐம்பது வயதில் வந்ததற்கும் உள்ள உறவை எப்படிக் கண்டுபிடிப்பது? எண்ணிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

எண்ணிப் பார்த்தார்கள்

லண்டன் மருத்துவமனைகளில் நுரையீரல் புற்றுநோயால் சேர்ந்திருந்த 649 ஆண்களையும், வேறு நோய்களுக்காகச் சேர்ந்திருந்த 649 ஆண்களையும் ரிச்சர்டு டால், பிராட்ஃபோர்டு ஹில் என்ற இருவர் ஒப்பிட்டு, 1950-இல் முடிவை வெளியிட்டனர். சாலைகளுக்குப் போடும் தாரே காரணமாக இருக்கலாம் என்று முதலில் டால் ஐயுற்றிருந்தார்.

இரு பிரிவிலும் பெரும்பாலோர் புகைப்பவர்களே. அப்படியானால் வேறுபாடு எங்கே? புகைக்காதவர்களை எண்ணுங்கள். வேறு நோயாளிகளில் 27 பேர் புகைக்காதவர்கள். புற்றுநோயாளிகளிலோ இரண்டே பேர்! ஊரே புகைக்கும்போது புகையின் தீமை எவர் கண்ணிலும் படுவதில்லை. புகைக்காத சிலரே அதைக் காட்டிக்கொடுத்தனர். டாலும் புகைப்பவர்தான். ஆய்வின் எண்களைக் கண்டு அப்பழக்கத்தை விட்டுவிட்டார்.

பிறகு 1951-இல் பிரிட்டிஷ் மருத்துவர்களையே ஆராயத் தொடங்கினர். 34,000-க்கும் அதிகமான ஆண் மருத்துவர்களின் வாழ்வை ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2004-ஆம் ஆண்டு முடிவு வெளியாயிற்று. தொடர்ந்து புகைத்தவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாகப் பத்து ஆண்டுகள் முன்னதாக இறந்தனர்.

சென்னையின் சான்று

"அது வெள்ளைக்காரர் கதை, நம் பீடி அப்படியல்ல" என்பார் உண்டு. அவர்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்தே விடை வந்தது. வேந்தன் கஜலட்சுமி, ரிச்சர்டு பீட்டோ முதலியோர் இங்கே இறந்த 43,000 ஆண்களின் புகைப்பழக்கத்தை, உயிரோடிருந்த 35,000 ஆண்களின் பழக்கத்தோடு ஒப்பிட்டு, 2003-இல் 'லான்செட்' இதழில் வெளியிட்டனர். பீட்டோ, டாலின் நெடுநாளைய துணை ஆய்வாளர். கிராமங்களில் ஆராயப்பட்டது பெரும்பாலும் பீடிதான். புகைப்பவர்கள் காசநோயால் இறப்பது, புகைக்காதவர்களைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு என்று தெரியவந்தது. மேலைநாட்டில் புற்றும் மாரடைப்பும் முன்னே நின்றன. நம் நாட்டிலோ, பழைய எதிரியான காசநோய்க்கும் புகை கதவைத் திறந்துவிட்டது.

பீடி என்றதும் நம் பகுதியில் மற்றொன்றையும் மறக்கலாகாது. நெல்லை, தென்காசி மாவட்டங்களில் ஏராளமான பெண்கள் மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றித்தான் குடும்பம் நடத்துகிறார்கள். புகைக்காமலே அந்தத் தூளைச் சுவாசிக்கிறார்கள். பீடியை ஒழிக்க வேண்டும் என்போர், இவர்களுக்கு மாற்றுத் தொழில் என்ன என்பதற்கும் விடை சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

தராசு சொல்வது என்ன?

மாணவரின் முதல் கேள்விக்கு இப்போது வருவோம். எரியும் புகையிலையிலிருந்து கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. இரத்தத்திலுள்ள ஈமோகுளோபினோடு பிராணவாயு சேர்வதைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக இது சேர்கிறது. நாள்தோறும் ஒரு பாக்கெட் ஊதுபவரின் ஈமோகுளோபினில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பங்கு வரை இவ்வாயு பிடித்துக்கொள்ளும். படகில் இருக்கை நிரம்பிவிட்டால் பயணிக்கு இடம் ஏது? அதில் பாதி வெளியேறவே நான்கைந்து மணி நேரம் ஆகும். ஆகவே புகைத்துவிட்டு இறங்கும் குளிகாரர், கடலைத் தொடுமுன்பே தம் முதலில் ஒரு பகுதியைச் செலவழித்துவிட்டார். ஒரு நிமிட மூச்சை நம்பித் தொழில் செய்பவருக்கு அது சிறு இழப்பன்று.

இரண்டாம் கேள்விக்கும் விடை இதிலேயே இருக்கிறது. சுகம் பத்து விநாடியில் தட்டில் விழுகிறது. தீமை முப்பது ஆண்டு கழித்து விழுகிறது. நிறுத்துப் பார்க்கும் வேளையில் ஒரு தட்டு காலியாகத் தெரிவதால் இளைஞர் ஏமாறுகின்றனர். அவர்களுக்கு அறிவில்லை என்பதல்ல. தராசு அப்படி அமைந்திருக்கிறது. காலியாகத் தெரியும் தட்டில் என்ன விழும் என்பதை முன்கூட்டியே அறிய உதவுவதுதான் டாலும் கஜலட்சுமியும் எண்ணித் தந்த கணக்கு.

அந்தக் கணக்கில் ஒரு நற்செய்தியும் உண்டு. அறுபது வயதில் விட்டவர்கள் இழக்க இருந்த ஆயுளில் மூன்று ஆண்டுகளை மீட்டனர். ஐம்பதில் விட்டவர்கள் ஆறு. நாற்பதில் விட்டவர்கள் ஒன்பது. முப்பதில் விட்டவர்கள் ஏறத்தாழப் பத்தையும் மீட்டனர்.

வகுப்பு முடிந்ததும் அந்த மாணவர் என்னிடம் வந்தார். "சார், எங்கப்பாவுக்கு நாற்பத்தாறு வயது. இனி விட்டால் எத்தனை ஆண்டு கிடைக்கும்?" என்று கேட்டார். ஒன்பதுக்கும் ஆறுக்கும் இடையில் என்றேன். குறிப்பேட்டில் அதை எழுதிக்கொண்டு போனார். உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருக்கக்கூடும். இந்தக் கணக்கை அவருக்கும் எடுத்துச் சொல்லுங்கள்.